பாறையில் உள்ள வளைகளும் பழைய கடல்களும்

ஒரு மணற்கல்லில் சிப்பி ஓடு ஒன்று பதிந்திருந்தால், அந்தச் சிப்பி அங்கேதான் வாழ்ந்தது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. உயிர் போனபின் ஓடு அலையில் உருளும்; நீரோட்டம் அதை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்; பழைய படிவு ஒன்று அரிக்கப்பட, அதிலிருந்து வெளிப்பட்ட ஓடு பல லட்சம் ஆண்டுகள் இளைய மணலில் மறுபடியும் புதைந்து கிடப்பதும் உண்டு. ஆனால் அதே மணற்கல்லில் விரல் பருமனில் செங்குத்தாக இறங்கும் வளை ஒன்று இருந்தால், அதைத் தோண்டிய உயிரி அந்த இடத்தில், அந்த மணல் இன்னும் கல்லாகாத காலத்தில், உயிரோடு இருந்தது என்பதில் ஐயமில்லை. மணலை அள்ளி வேறிடத்தில் கொட்டினால் ஓடு தப்பிக்கும். வளை அந்தக் கணமே அழிந்துவிடும். ஆகவே அழியாமல் நமக்குக் கிடைத்த வளை, தன் சொந்த இடத்தில் நிற்கும் சான்று. நிலவியல் படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தத் துறையின் பக்கம் என்னை இழுத்து வைத்திருப்பது இந்தப் பண்புதான். ஆனால் இந்தச் சான்று எதற்கு உறுதி கூறுகிறது, எதற்குக் கூறவில்லை என்பதை எல்லை கட்டிப் புரிந்துகொள்ளாவிட்டால் அது நம்மைத் தவறான கடலுக்கு அழைத்துப் போய்விடும் என்பதையும் நான் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தேன். அந்த எல்லையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

காலடித் தடங்கள், ஊர்ந்த கோடுகள், ஓய்ந்து கிடந்த பள்ளங்கள், மண்ணுக்குள் தோண்டிய வளைகள், பாறையிலும் ஓட்டிலும் மரத்திலும் குடைந்த துளைகள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துச் சுவட்டுப் புதைபடிவங்கள் என்கிறோம். அவற்றில் உடல் இருப்பதில்லை. உடல் செய்த வேலை இருக்கிறது. இவற்றைப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, இதைச் செய்த விலங்கு எது என்பதே. பெரும்பாலும் அதற்கு விடை கிடைப்பதில்லை. ஒரே விலங்கு நடக்கும்போது ஒரு சுவட்டையும், உண்ணும்போது வேறொன்றையும், ஒளியும்போது மற்றொன்றையும் விட்டுச்செல்கிறது. உறவே இல்லாத பல விலங்குகள் ஒரே வடிவ வளையைத் தோண்டுகின்றன. அதனால்தான் ஸ்கோலிதாஸ், தலாசினாய்டிஸ், ஓஃபியோமார்ஃபா என்று நாம் வழங்கும் பெயர்கள் வடிவங்களுக்கு இடப்பட்டவையே தவிர விலங்குகளுக்கு அல்ல. பழைய சூழலை அறிய விரும்புகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த உயிரி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது, அதை அப்படிச் செய்ய வைத்த நிலைமை எது?

இந்தக் கேள்விக்கு வந்து சேரவே நெடுங்காலம் பிடித்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடோல்ஃப் பிரோனியார் போன்றவர்கள், கிளைத்துக் கிளைத்துச் செல்லும் வளைகளைக் கடற்பாசிகளின் பதிவுகள் என்றே கொண்டு ஃபியூகாய்டிஸ் என்ற பெயரின்கீழ் வகைப்படுத்தினார்கள். கிளை விட்டிருப்பது செடியாகத்தான் இருக்க வேண்டும் என்பது இயல்பான எண்ணமே. சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் நாதோர்ஸ்ட், உயிருள்ள கடல் விலங்குகளை ஈரச் சேற்றின்மேல் நகரவிட்டு, அவை உண்டாக்கிய சுவடுகளைப் பாறைகளில் காணப்பட்டவற்றோடு ஒப்பிட்டார். பாசிகள் எனக் கருதப்பட்டவற்றில் பல, முதுகெலும்பற்ற விலங்குகளின் தடங்களே என்று 1881-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிரான்சில் காஸ்தோன் த சப்போர்தா கடுமையாக மறுத்தார். விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. பாறையோடு மட்டும் பேசிக்கொண்டிராமல் இன்றைய கரையில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற வழக்கத்தை நாதோர்ஸ்ட் தொடங்கிவைத்தார். பின்னர் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில், ஓதம் வற்றும்போது வெளிப்படும் வாடன் கடலின் சேற்றுவெளியை ஒட்டி, 1928-இல் ருடால்ஃப் ரிக்டர் நிறுவிய ஆய்வு நிலையம் அந்த வழக்கத்தை ஒரு முறையான அறிவாக வளர்த்தெடுத்தது.

நிலைமைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் வட டெவன் கரையிலுள்ள பாகி படிவுகள். டெவோனியன் காலத்தின் பிற்பகுதியை (ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன்) சேர்ந்த இந்த மணற்கற்களில், ஆங்கில யு எழுத்தைப் போல் வளைந்த குழாய்கள் செங்குத்தாக நிற்கின்றன. குழாயின் இரு கைகளுக்கும் நடுவே, ஒன்றன்கீழ் ஒன்றாக வளைந்த மெல்லிய தகடுகள் தெரியும். இந்த வடிவத்துக்கு டிப்ளோக்ரேடீரியன் என்று பெயர். ரோலண்ட் கோல்ட்ரிங் 1960-களின் தொடக்கத்தில் இவற்றை ஆராய்ந்தபோது, அந்தத் தகடுகள் வெறும் அலங்காரமல்ல என்பதைக் கண்டார். வளையில் வாழ்ந்த உயிரி கடல்தரைக்குக் கீழே எப்போதும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்க விரும்பியது. மேலே மணல் வந்து படிந்தால், குழாயின் அடிவளைவை மேலே தூக்கிக் கட்டியது. அப்போது கைவிடப்பட்ட பழைய அடிவளைவுகள் புதியதற்குக் கீழே தகடுகளாக நின்றன. அலை தரையை அரித்தால், அது கீழே தோண்டி இறங்கியது. அப்போது பழைய அடிவளைவுகளின் எச்சங்கள் புதியதற்கு மேலே, இரு கைகளுக்கு இடையில் அகப்பட்டுக்கொண்டன.

ஆகவே ஒரே ஒரு குழாயை நெடுக்குவாட்டில் பார்த்தாலே, அந்த இடத்தில் மணல் எப்போது ஏறியது, எப்போது அரிந்தது என்ற வரிசை தெரிகிறது. ஒரு பக்கத்தில் சில குழாய்கள் நீளமாகவும் வேறு சில குட்டையாகவும் இருக்க, அவை அனைத்தின் தலைகளும் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டிருந்தால், கடைசியாக வந்த அரிப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் சீவிவிட்டுப் போனது என்று பொருள். மேலும் கீழுமாக அலைந்த இந்த வகைக்கு கோல்ட்ரிங் யோயோ என்ற விளையாட்டுப் பொருளின் பெயரையே இட்டார். மணற்கல்லின் பருமனை மட்டும் அளந்தவர், அங்கு இவ்வளவு மணல் படிந்தது என்று மட்டுமே சொல்ல முடியும். படிந்து, அரிந்து, மறுபடி படிந்து கடைசியில் மிஞ்சியது எவ்வளவு சிறிய பகுதி என்பதை அந்தச் சிறு உயிரியின் ஏற்ற இறக்கம்தான் சொல்கிறது. படிவுகளில் காலம் இருப்பதைவிட இல்லாமல் போவதே அதிகம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

ஸ்காட்லாந்தின் வடமேற்கில், அசிண்ட் பகுதி மலைகளில், குழாய்ப்பாறை என்றே பெயர் பெற்ற கேம்பிரியன் காலக் குவார்ட்சைட் (மிகக் கடினமாக இறுகிய மணற்கல்) ஒன்று இருக்கிறது. ஸ்கோலிதாஸ் எனப்படும் நேர்க்குழாய்கள் அதில் நெருக்கமாக நிற்கின்றன. மேற்பரப்பில் அவை வட்டப் புள்ளிகளாகத் தெரிகின்றன. அலை ஓயாத, மணல் இடைவிடாமல் நகரும் இடத்தில் தரையின் மேல் வாழ்வது கடினம். ஆனால் நீரில் மிதந்து வரும் உணவு அங்கு ஏராளம். செங்குத்தாக இறங்கி ஒளிந்துகொண்டு, வாயை மட்டும் நீருக்குத் திறந்து வைப்பது அந்த நிலைமைக்கான விடை. அமைதியான நீரில் உணவு தரையில் வந்து படிகிறது. அங்கே கிடைமட்டமாக ஊர்ந்து மேய்வதும், சேற்றைத் தின்று கடப்பதும் பயன் தருகின்றன. ஆழ்கடலில் உணவு மிகக் குறைவு. அங்கே கிடைப்பதை வீணாக்காமல் தரையை முறையாகத் துழாவும் நெளிகோடுகளும் சுருள்களும் வலைப்பின்னல்களும் மிகுகின்றன.

இந்தத் தொடர்பை ஒரு முழுமையான திட்டமாக வகுத்தவர் ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் அடோல்ஃப் ஸைலாகர். 1953-இல் சுவடுகளை வடிவத்தால் அல்லாமல் நடத்தையால் பிரித்தார்: ஓய்வு, குடியிருப்பு, உண்ணுதல், மேய்ச்சல், ஊர்தல். 1967-இல், திரும்பத் திரும்பச் சேர்ந்தே காணப்படும் சுவடுகளின் தொகுதிகளைக் கடலின் ஆழத்தோடு பொருத்திக் காட்டினார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சுவட்டின் பெயரே இடப்பட்டது: கரையோர மணலில் ஸ்கோலிதாஸ் தொகுதி, அதற்கு அப்பால் ஆழமற்ற கடலில் க்ரூசியானா தொகுதி, மேலும் ஆழத்தில் சூஃபைகாஸ் தொகுதி, ஆழ்கடல் தரையில் நெரெயிட்டீஸ் தொகுதி. உடற் புதைபடிவங்கள் இல்லாத தடித்த மணற்கல் அடுக்குகளின் முன் கைகட்டி நின்ற நிலவியலாளர்களுக்கு இது பெரும் விடுதலையாக இருந்தது. எந்தக் காலத்துப் பாறையாக இருந்தாலும், எந்தக் கண்டமாக இருந்தாலும், ஒரே கேள்விகளைக் கேட்க முடிந்தது. 1992-இல் அவருக்கு சுவீடன் அறிவியல் கழகத்தின் கிராஃபோர்ட் பரிசு கிடைத்தபோது, அது இந்தத் துறை முழுமைக்கும் கிடைத்த ஏற்பு என்றே நான் எண்ணுகிறேன்.

ஆனால் திட்டம் எளிமையாக இருந்ததாலேயே அது ஓர் ஆழமானியாகப் பயன்படுத்தப்படத் தொடங்கியது. ஸ்கோலிதாஸ் என்றால் கரை, நெரெயிட்டீஸ் என்றால் ஆழம் என்று பாடப்புத்தகப் படங்களில் ஒரு சாய்தளத்தின்மீது பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டன. மாணவர்கள் அந்தப் படத்தை மனப்பாடம் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். விலங்குக்கு ஆழம் என்ற ஒன்று நேரடியாகத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் நீரோட்டத்தின் வேகம், உணவு வரும் வழி, ஆக்சிஜன், உப்பின் அளவு, காலடியில் இருப்பது மணலா சேறா என்பவை மட்டுமே. இவை பெரும்பாலும் ஆழத்தோடு சேர்ந்து மாறுவதால் ஆழம் தெரிவதுபோல் தோன்றுகிறது. அவை தனியே மாறும் இடங்களில் அந்தத் தோற்றம் கலைந்துவிடுகிறது.

ஓஃபியோமார்ஃபாவின் கதை இதற்கு நல்ல சான்று. வளையின் உட்புறம் வழவழப்பாகவும் வெளிப்புறம் சிறு உருண்டைகளை ஒட்டிப் பூசியதுபோல் முண்டும் முடிச்சுமாகவும் இருக்கும் சுவடு இது. 1964-இல் ராபர்ட் வைமர், ஜான் ஹாய்ட் ஆகிய இருவரும், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் காலியனாசா என்னும் இறால் தோண்டும் வளைகள் இதே அமைப்பில் இருப்பதைக் காட்டினார்கள். தளர்ந்த மணல் சரிந்துவிடாமல் இருக்க, அந்த இறால் மணலும் சேறும் கலந்த உருண்டைகளைச் சுவரில் அழுத்திப் பதித்துக்கொள்கிறது. அது வாழ்வது அலையிடைப் பகுதியிலும் அதை ஒட்டிய ஆழமற்ற நீரிலும் ஆகையால், பழைய மணற்கல்லில் ஓஃபியோமார்ஃபா கிடைத்தால் அது கரையை ஒட்டிய இடம் என்று கொள்ளலாம் என அவர்கள் எழுதினார்கள். அந்தக் கடற்கரையின் பிளைஸ்டோசீன் (அண்மைப் பனியுகங்களின் காலம்) படிவுகளில் முன்னாளைய கடல்மட்டத்தைக் கண்டறிய இது உண்மையிலேயே உதவியது. அதே கரைகளில், ஓதத்தின் உச்சக் கோட்டுக்கும் மேலே, விரைந்தோடும் வெளிறிய நண்டுகள் ஈரமணலை எட்டும்வரை சாய்வாகத் தோண்டும் வளைகளும் உண்டு; நம் சோழமண்டலக் கரையிலும் காலை நேரத்தில் யாரும் காணக்கூடியவை அவை. அவற்றை ஒத்த பழைய வளைகளுக்கு சைலோனிக்னஸ் என்று பெயர். ஓஃபியோமார்ஃபாவுக்கு மேலே சைலோனிக்னஸ் வந்தால், கடல் விலகிக் கரை முன்னேறியிருக்கிறது என்று படிக்கலாம்.

இவ்வளவு தெளிவான வாசிப்பு சில ஆண்டுகளிலேயே சிக்கலுக்கு உள்ளானது. 1970-களில், கலங்கல் நீரோட்டங்கள் (சேறும் மணலும் கலந்து கடலடிச் சரிவில் பாய்பவை) கொண்டுபோய் ஆழ்கடலில் கொட்டிய மணல் அடுக்குகளிலும் ஓஃபியோமார்ஃபா இருப்பது கலிபோர்னியாவிலும் வட ஸ்பெயினிலும் கண்டறியப்பட்டது. இறால்களுக்குக் கரை தேவைப்படவில்லை. தோண்டுவதற்கு மணலும், மூச்சுக்கு ஆக்சிஜனும், உண்பதற்கு மணலோடு வந்த இலைதழைச் சிதைவுகளும் தேவைப்பட்டன. சூஃபைகாஸ் வேறொரு விதத்தில் எச்சரிக்கிறது. கேம்பிரியனில் தொடங்கும் பேலியோசோயிக் என்னும் பழங்காலத்தில் ஆழமற்ற கடலிலும் பரவலாக இருந்த அந்தச் சுவடு, நெடுங்காலப் போக்கில் ஆழமான நீருக்கு ஒதுங்கிவிட்டது. ஆகவே இன்றைய கடலில் அது எங்கே இருக்கிறது என்பதை அப்படியே பழைய பாறைக்குப் பொருத்தினால் தவறு நேரும். நடத்தைகளுக்கும் வரலாறு உண்டு. கேம்பிரியன் காலத்தின் தொடக்கத்தையே நியூஃபவுண்ட்லாந்தின் ஃபார்ச்சூன் ஹெட் என்னும் இடத்தில் ட்ரெப்டிக்னஸ் பெடம் என்ற சுவடு முதன்முதலாகத் தோன்றும் மட்டத்தை வைத்தே வரையறுத்திருக்கிறார்கள், ஏறத்தாழ 53.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காலகட்டத்துக்கு முன் கடல்தரையை ஆழமாகக் கிளறும் பழக்கமே விலங்குகளிடம் ஏறக்குறைய இல்லை.

முதல் பத்தியில் நான் சொன்ன உறுதிமொழியையே அசைக்கும் ஆய்வு ஒன்றும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத கடல்தரையில் படிந்த கறுத்த சேற்றின் நடுவே, கலங்கல் நீரோட்டம் கொண்டுவந்த மணல் அடுக்குகளில் மட்டும் பெரிய வளைகள் இருப்பது ஒரு புதிராக இருந்தது. ஃபோல்மி, க்ரிம் ஆகியோர் 1990-இல் தந்த விளக்கம் இது: ஆழமற்ற நீரில் வாழ்ந்த இறால் போன்ற விலங்குகள் மணலோடு சேர்த்து அடித்துச் செல்லப்பட்டு, மூச்சுவிட முடியாத ஆழத்தில் போய் விழுந்தன, அங்கே உயிர் இருந்தவரை தோண்டின, பிறகு மடிந்தன. வளை அதன் இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தோண்டிய விலங்கும் அங்கே உயிரோடுதான் இருந்தது. ஆனால் அது அந்த விலங்கின் வீடல்ல. அந்த வளைகளை மட்டும் பார்த்து அங்கே ஆக்சிஜன் இருந்தது என்று எழுதினால், ஒரு பேரிடரை இயல்பு வாழ்க்கை என்று எழுதியதாகிவிடும். ஆகவே ஒரு சுவடு உறுதி கூறுவது ஓர் இடத்தில், ஒரு குறுகிய காலத்தில் நிகழ்ந்த நடத்தைக்கு மட்டுமே. அந்தக் காலம் எவ்வளவு நீளம், அது அந்த இடத்தின் வழக்கமா விலக்கா என்பதை, சூழ உள்ள பாறையை வைத்து நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆக்சிஜனைப் பற்றிய வாசிப்பில் இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டால் மிக நுட்பமான விடைகள் கிடைக்கின்றன. கடல்தரைக்குக் கீழே விலங்குகள் மாடிவீட்டில் குடியிருப்பதுபோல் வெவ்வேறு ஆழங்களில் வாழ்கின்றன. மேல்தளத்தில் இருப்பவை சேற்றைக் கலக்கி உருவமற்றதாக்கிவிட, கீழ்த்தளத்தில் தோண்டுபவற்றின் வளைகளே கடைசியில் தெளிவாக மிஞ்சுகின்றன. ஆக்சிஜன் குறையக் குறைய மேல்தளத்துப் பெரிய வளைகள் முதலில் மறைகின்றன. வளைகளின் விட்டமும் இறங்கும் ஆழமும் சுருங்குகின்றன. வேர்போல் கிளைக்கும் மெல்லிய காண்ட்ரைட்டிஸ் மட்டும் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. பிராம்லி, எக்டேல் இருவரும் 1984-இல் அதை ஆக்சிஜன் அற்ற சேற்றின் அடையாளமாக முன்வைத்தார்கள். அதுவும் மறைந்து, சேற்றின் மெல்லிய வரிகள் குலையாமல் அப்படியே நின்றால், அங்கே தோண்ட எவருமே இல்லை. சுவடு இல்லாமையும் ஒரு சான்றாகும் அரிய இடம் இது.

துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளோடு வேலை செய்பவர்களுக்குச் சுவடுகள் இன்னும் நெருக்கமானவை. கைக்குள் அடங்கும் அகலமுள்ள ஒரு தண்டில் நல்ல அம்மோனைட் (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிரி) ஒன்று அகப்படுவது அரிது. வளைகளோ அடிக்கு அடி குறுக்குவெட்டில் தெரியும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஜார்ஜ் பெம்பர்டனும் அவருடைய மாணவர்களும் எண்ணெய்க் கிணறுகளின் தண்டுகளைக் கொண்டே இந்தத் துறையைப் பெரிதும் வளர்த்தார்கள். அவர்கள் அழுத்தம் கொடுத்தவற்றுள் ஒன்று குளோசிஃபங்கைட்டீஸ் தொகுதி. சேற்றுப்பாறையில் பூச்சு இல்லாத, விளிம்பு கூரான வளைகள் இறங்கி, அவற்றில் மேலடுக்கின் பரும்மணல் நிரம்பியிருக்கும். இளஞ்சேற்றில் பூச்சில்லாத வளை நிற்காது, சரிந்துவிடும். ஆகவே அந்தச் சேறு முன்பே புதைந்து, நீர் வெளியேறி இறுகி, பின்னர் மேலே இருந்தவை அரிக்கப்பட்டு மறுபடி கடல்தரையாக வெளிப்பட்டிருக்க வேண்டும். கண்ணுக்குச் சாதாரணக் கோடாகத் தெரியும் அந்த இடத்தில் ஒரு பெரிய காலப்பகுதி காணாமல் போயிருக்கிறது. கடல்மட்டம் இறங்கி ஏறிய வரலாற்றைத் தேடுபவர்களுக்கு அந்தக் கோடு மிக முக்கியமானது.

அதே ஆல்பர்ட்டாவின் வடக்கில், அதபாஸ்கா ஆற்றை ஒட்டிய மக்மரே படிவில், இந்த வாசிப்பின் வலிமையும் எல்லையும் ஒருசேர வெளிப்படுகின்றன. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த, தார்போன்ற பிட்டுமன் ஊறிய மணல் அது. அதில் மணலும் சேறும் மாறி மாறிச் சாய்வாக அடுக்கப்பட்ட பெரும் தொகுதிகள் உள்ளன. ஆறு வளைந்தோடும் இடத்தில் உட்கரையில் சேரும் திட்டுகள் அவை. அவற்றை முழுவதும் நன்னீர் ஆற்றின் படிவுகளாகக் கொள்ளும் கருத்து வலுவாக இருந்தது. பெம்பர்டன், ஃப்ளாக், மாசப் ஆகியோர் 1982-இல் அங்குள்ள சுவடுகளை விவரித்து, அவை உவர்நீரில் வாழ்ந்த உயிரிகளுடையவை என்று வாதிட்டார்கள். வகைகள் மிகக் குறைவு. ஒவ்வொரு வளையும் திறந்த கடலில் இருப்பதைவிடச் சிறியது. ஆனால் எண்ணிக்கையில் சில அடுக்குகள் முழுவதும் அவைதான்.

இந்த மூன்று அடையாளங்களும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதைப் புரிந்துகொள்வது இன்பமானது. கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு இருக்கிறது. பால்டிக் கடலை ஆராய்ந்த அடோல்ஃப் ரேமானே 1934-இல் காட்டியதுபோல், உப்பு ஆயிரத்துக்கு 5 முதல் 8 பங்காகக் குறையும் இடத்தில் விலங்கு வகைகளின் எண்ணிக்கை மிகத் தாழ்ந்துவிடுகிறது. கடலின் விலங்குகளாலும் நன்னீர் விலங்குகளாலும் அங்கே சமாளிக்க முடிவதில்லை. சமாளிக்கத் தெரிந்த சிலவற்றுக்குப் போட்டி இல்லை, ஆகையால் பெருகுகின்றன. உடலின் உப்புச் சமநிலையைக் காப்பதற்கே ஆற்றல் செலவாவதாலும், விரைவில் இனப்பெருக்கம் செய்துவிடுவதாலும் அவை சிறியவையாகவே நின்றுவிடுகின்றன. தரைக்கு மேலே நீரின் உப்பு ஓதத்துக்கு ஓதம் மாறினாலும், சேற்றுக்குள் இருக்கும் நீரில் அது மெதுவாகத்தான் மாறும். அதனால் வளைக்குள் ஒளிவது அங்கே உயிர் பிழைக்கும் வழியாகிறது. பழவேற்காடு ஏரியின் நீர் வடகிழக்குப் பருவமழையில் நன்னீரை நெருங்குவதையும், கோடையில் கடலைவிட உவர்ப்பதையும் அறிந்தவர்களுக்கு, இப்படிப்பட்ட இடத்தில் வாழ்வது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பின்னர் நிலத்தடியை அதிர்வலைகளால் படம்பிடித்தபோது, மக்மரே படிவில் மிகப் பெரிய ஆறு ஒன்றின் வளைவுகள் அப்படியே தெரிந்தன. கழிமுகத்தில் காண்பதைவிட, கடலிலிருந்து விலகி ஓடும் பேராற்றின் வடிவத்தையே அவை ஒத்திருந்தன. வடிவம் ஆறு என்கிறது, வளைகள் உவர்நீர் என்கின்றன. இந்த முரண்பாடு பற்றிய விவாதம் நீண்டது. எனக்கு மிகவும் ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம், காலத்தைக் கணக்கில் எடுக்கும் விளக்கமே. வெள்ளக் காலத்தில் ஆறு மணலைக் கொண்டுவந்து திட்டை வளர்த்தது. அப்போது நீர் நன்னீர், ஓட்டம் கடுமை, குடியேற எவரும் இல்லை. ஆற்றில் நீர் குறைந்த பருவத்தில் கடலின் உவர்ப்பு மேல்நோக்கி ஏறி வந்தது, சேறு படிந்தது, சிறு உயிரிகள் குடியேறித் தோண்டின. திட்டின் உடல் பெரும்பாலும் வெள்ளத்தின் வேலை. வளைகளோ அமைதிக் காலத்தின் பதிவு. இரண்டு சான்றுகளும் உண்மை பேசுகின்றன, ஆனால் ஒரே ஆண்டின் வெவ்வேறு மாதங்களைப் பற்றிப் பேசுகின்றன.

இதையெல்லாம் படித்தபின் அரியலூர், பெரம்பலூர் பகுதியின் கிரெட்டேசியஸ் பாறைகளைப் பார்க்கும் கண் எனக்கு மாறிவிட்டது. 1862-இல் வெளிவந்த ஹென்றி பிளான்ஃபோர்டின் ஆய்வேடு அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று குழுமங்களாகப் பிரித்தது. அதையடுத்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா அங்குள்ள அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் பெரும் தொகுதிகளாக விவரித்தார். அந்த ஓடுகளின் செழுமையே நெடுங்காலம் வளைகளின்மேல் கவனம் விழாமல் செய்துவிட்டது என்று நினைக்கிறேன். திருச்சிராப்பள்ளிக் குழுமத்தின் கருடமங்கலம் மணற்கல்லில் சிப்பிகளும் நத்தைகளும் நெருங்கிக் குவிந்த அடுக்குகள் உள்ளன. மெருகிட்டால் பளபளக்கும் அந்தக் கல்லைத் திருச்சிராப்பள்ளி மார்பிள் என்றே வழங்குவர். அவ்வாறு குவிந்த ஓடுகள் நீரின் விசையால் சேர்ந்தவை. அவை எங்கே வாழ்ந்தன என்று அவற்றிடமிருந்து மட்டும் அறிய முடியாது. அதே படிவில் காணப்படும் தலாசினாய்டிஸ், ஓஃபியோமார்ஃபா வளைகள்தான், ஓடுகள் வந்து சேராத இடைக்காலங்களில் அந்தத் தரை எப்படி இருந்தது என்பதைச் சொல்கின்றன. தலாசினாய்டிஸ் கிளைத்துப் பரவுகிறது, அதன் சுவரில் பூச்சு இல்லை. தரை ஓரளவு இறுகியிருந்தது. ஓஃபியோமார்ஃபா உருண்டைகளால் பூசப்பட்டிருக்கிறது. தரை தளர்ந்த மணல். ஒரே பாறைமுகத்தில் இவை எந்த மட்டத்தில் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன என்று பார்ப்பது, நூறு ஓடுகளைப் பொறுக்குவதைவிடப் பயனுள்ளது என்பது என் துணிபு.

இப்பகுதியின் கல்லான மரங்கள் தனிச் சிக்கல் உடையவை. சாத்தனூரில் காக்கப்பட்டுவரும் 18 மீட்டர் நீள அடிமரத்தை 1940-இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் வெளிக்கொணர்ந்தார், அது நிலத்தில் வளர்ந்து கடற்படிவில் புதைந்த மரம். காரைப் பகுதியின் ஓடைச் சரிவுகளில் கிடைக்கும் மரத்துண்டுகள் சிலவற்றில், மரத்தைக் குடையும் சிப்பிகளின் துளைகள் உள்ளன. டெரிடோலைட்டீஸ் எனப்படும் இந்தத் துளை, சுவடு தன் இடத்தைவிட்டு நகராது என்ற விதிக்கு விலக்கானது, ஏனெனில் இங்கே தரையே மிதக்கும் மரம். கரையோரக் கரிப்படுகை ஒன்றின் மேல்முகத்தில் அதே துளைகள் இருந்தால், கடல் அந்த இடத்தை மூழ்கடித்தது என்று சொல்லலாம். 1984-இல் ஆல்பர்ட்டாவின் ஒரு படிவிலிருந்து இதற்கெனத் தனித் தொகுதியே வகுக்கப்பட்டது. தனி மரத்துண்டு ஒன்றில் இருந்தால், அது கடலில் சில காலம் இருந்தது என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது.

ஆனாலும் கூடுதலாக ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். மிதந்து புரண்டுகொண்டிருந்த மரத்தில் துளைகள் எல்லாப் பக்கமும் இருக்கும் என எதிர்பார்க்கலாம். மூழ்கித் தரையில் கிடந்தபின் குடையப்பட்ட மரத்தில் அவை மேற்புறத்திலும் பக்கங்களிலும் மிகுந்து, சேற்றில் அழுந்திய அடிப்புறத்தில் அரிதாக இருக்க வேண்டும். முன்னதாயின் துளைகள் கடந்து வந்த நீரைப் பற்றிப் பேசுகின்றன. பின்னதாயின் அவை அங்கிருந்த கடல்தரையைப் பற்றிப் பேசுகின்றன, அங்கே சேறு மெதுவாகத்தான் படிந்தது என்றும் சேர்த்துச் சொல்கின்றன. இந்த வேறுபாட்டை அறிய மரம் பாறைக்குள் எப்படிக் கிடந்தது என்பது தெரிய வேண்டும். ஓடையில் உருண்டு கிடக்கும் துண்டில் அது தெரியாது. அடுக்கிலேயே பதிந்து நிற்கும் துண்டைக் காண்பவர், அதைத் தொடுவதற்கு முன்பே எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைக் கல்லின்மீது அம்புக்குறியிட்டு, அடுக்கின் சாய்வையும் குறித்து, அளவுகோலோடு படம் எடுத்துவைத்தால், அந்தக் கேள்விக்கு விடை தேட முடியும்.